தலைமையும் தாழ்மையும்

கூடைப்பந்தில் சிறக்க உயரமும் உடல் வலிமையும் வேண்டும் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். 5 அடி 2 அங்குல உயரமே உடைய அமெரிக்கப் பெண்மணி நடாலி நகாசே அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கினார். ஜப்பானிய வம்சாவளியினரான இவர், 2011-இல் ஜப்பானின் பி.ஜே. லீக் என்னும் ஆடவர் தொழில்முறைப் போட்டியில் சைதாமா பிராங்கோஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளரானார். அப்போட்டியில் இப்பொறுப்பேற்ற முதல் பெண் இவரே.

அதன்பின் அவர் செய்ததே நம்மை மேலும் வியக்க வைக்கிறது. தாய்நாடு திரும்பி, 2012-இல் லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸ் அணியில் ஆட்ட வீடியோக்களைத் தொகுத்துக் கொடுக்கும் பயிற்சிப் பணியில் சேர்ந்தார். தலைமை வகித்தவர் கடைநிலைப் பணிக்குச் செல்வதா என்று நாம் கேட்கலாம். கற்க விரும்புவோர்க்கு எப்பணியும் இழிவன்று. படிப்படியாக உயர்ந்த அவர், 2025-இல் கோல்டன் ஸ்டேட் வால்கிரீஸ் என்னும் புதிய மகளிர் அணியை அதன் முதல் ஆண்டிலேயே பிளே-ஆஃப் சுற்றுக்கு அழைத்துச் சென்றார். அவ்வாண்டின் சிறந்த பயிற்சியாளர் விருதையும் பெற்றார்.

தாழ்மை என்றால் பின்வாங்கி நிற்பது என்று நாம் கொள்ளலாகாது. உயர்ந்த பொறுப்பு வந்தால் அஞ்சாமல் ஏற்போம். தேவையானால் கீழிருந்து மீண்டும் தொடங்கவும் துணிவோம். இறைவன் தந்த தாலந்தைப் பெருக்கும் வழி அதுவே அன்றோ?