அழுகின திராட்சைக்கு இவ்வளவு விலையா?

ஷாத்தோ திகெம். பிரான்ஸில் போர்தோவுக்குத் தெற்கே, சோத்தேர்ன் பகுதியில் இருக்கிற தோட்டம். அங்கே செய்யறது இனிப்பு ஒயின். அதுவும் பூஞ்சை பிடிச்சு சுருங்கிப்போன திராட்சையில!

விஷயம் ஆத்துல இருக்கு. சிரோன்ங்கிற சின்ன ஆறு சில்லுன்னு வந்து கரோன் ஆற்றில் கலக்குது. அறுவடை சமயத்தில் காலையில மூடுபனி, மதியம் வெயில். பனியில பூஞ்சை வளரும், வெயில்ல பழத்துத் தண்ணி வத்தும். இனிப்பு கெட்டியாகி நிக்கும். எல்லாப் பழமும் ஒரே நாள்ல பதத்துக்கு வராது. அதனால ஒரே கொடிக்குத் திரும்பத் திரும்ப வந்து பறிக்கணும். ஒரு கொடிக்கு ஒரு கிளாஸ்தான் தேறும்னு சொல்வாங்க. நடுவுல மழை பெஞ்சா அதுவும் போச்சு.

திகெம் மேல எனக்கு மரியாதை வந்ததே அவங்க ஒயின் விக்காத வருஷங்களாலதான். 1972, 1974, 1992, 2012... தரம் சரியில்லைன்னு அந்தப் பேர்ல ஒரு பாட்டில்கூட வெளியே விடல.

ஆனா அதை வீரம்னு கொண்டாட எனக்கு மனசு வரல. 1855 தரவரிசையிலேயே இனிப்பு ஒயின்களில் தனி உச்சியில் வெச்ச தோட்டம். 1999-ல எல்விஎம்ஹெச் கைக்குப் போயாச்சு. அவங்களால ஒரு வருஷத்தை விட முடியும். அதே பனியை, அதே மழையை நம்பி பக்கத்துல பத்து ஏக்கர் வெச்சிருக்கிறவர் என்ன பண்ணுவார்? இனிப்பு ஒயினுக்கு கிராக்கியும் குறைஞ்சாச்சு. அங்கே பலர் இனிப்பில்லாத வெள்ளை ஒயின் பக்கம் போறாங்க. (திகெமே 1959-லேர்ந்து அப்படி ஒண்ணு போடுது!)

சோத்தேர்ன் ருசி பாக்கணும்னா அந்தப் பக்கத்து தோட்டத்துக்காரர் பாட்டிலை வாங்குங்க. அரை பாட்டிலா கிடைக்கும். நாலு பேருக்கு அதுவே தாராளம்.