முன்கதை கேட்கும் மகாஜனங்களே!

ஒரு படம் நன்றாக ஓடிவிட்டால் போதும், "அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?" என்று கேட்க ஒரு கூட்டம் கிளம்பிவிடும். வில்லன் சின்ன வயதில் எப்படி இருந்தான், நாயகனுக்கு அந்தத் தொப்பியை யார் வாங்கிக் கொடுத்தது, தாத்தாவுக்கு ஏன் ஒரு கண் இல்லை... எல்லாவற்றுக்கும் விளக்கம் வேண்டும். தயாரிப்பாளருக்கு இதைவிட இனிப்பான சேதி உண்டா? புதுசாக யோசிக்க வேண்டாம், பெயர் ஏற்கெனவே விற்ற பெயர். கூட நாலு ஜோக் தூவினால் 'நகைச்சுவை முன்கதை' தயார்.

இந்தக் கூட்டத்தின் கண் ரொம்ப நாளாக 'பேக் டு தி ஃபியூச்சர்' மேல் இருக்கிறது. 1985, 1989, 1990 என மூன்று பாகம். ராபர்ட் செமக்கிஸ் இயக்கம், எழுத்தில் பாப் கேல் கூட்டு. முதல் பாகம் அந்த வருடம் அமெரிக்காவில் அதிகம் வசூலித்த படம். இதில் கூட்டத்தின் சந்தேகம் என்னவென்றால், பள்ளிக்கூடப் பையன் மார்ட்டிக்கும், ஊரே கிறுக்கன் என்று ஒதுக்கிய வயதான விஞ்ஞானி டாக் பிரவுனுக்கும் எப்படிப் பழக்கம்? எங்கே, எப்போது முதலில் சந்தித்தார்கள்? அதை ஜாலியாக ஒரு படமாக எடுத்தால் என்ன?

எடுக்கக் கூடாது. காரணங்கள் இதோ.

முதல் காரணம், அந்த முன்கதையை 1985-லேயே எடுத்து முடித்துவிட்டார்கள்! இந்தப் படத்துக்கு விதை விழுந்த கதை பலருக்கும் தெரியும். 1980-ல் பாப் கேல் கையில் அப்பாவின் பழைய பள்ளி ஆண்டுமலர் கிடைத்தது. அப்பா படித்த காலத்தில் தானும் அதே பள்ளியில் இருந்திருந்தால் இரண்டு பேரும் நண்பர்களாகியிருப்போமா என்று யோசித்தார். அவ்வளவுதான். 'எனக்கு முன்னாடி என் அப்பா எப்படி இருந்தார்' என்பதைவிடப் பெரிய முன்கதைக் கேள்வி உண்டா? மார்ட்டி 1955-க்குப் போய்ப் பார்ப்பது அப்பா அம்மாவின் முன்கதை. மூன்றாம் பாகத்தில் 1885-க்குப் போய்ப் பார்ப்பது கொள்ளுத் தாத்தா காலத்து முன்கதை. முன்கதைக்கு முன்கதை கேட்பது, பாயசத்தில் சர்க்கரை போதவில்லை என்று வெல்லக் கட்டியைக் கேட்கிற மாதிரி.

சிரிப்புக்கும் குறைவில்லை. டாக் பிரவுனின் மகத்தான கண்டுபிடிப்பு எப்படிப் பிறந்தது? 1955 நவம்பர் 5-ஆம் தேதி, கழிப்பறைக் கோப்பை மேல் ஏறி நின்று சுவரில் கடிகாரம் மாட்டினார், வழுக்கி விழுந்தார், கைகழுவும் தொட்டியில் மண்டை இடித்தது, நினைவு வந்தபோது ஃப்ளக்ஸ் கப்பாசிட்டரின் வடிவம் கண்ணுக்குத் தெரிந்தது. அரை நிமிட வசனம், முடிந்தது. இன்றைக்கு இதையே இரண்டு மணி நேரப் படமாக்கி, அந்தக் கடிகாரத்தை எந்தக் கடையில் வாங்கினார் என்பது வரைக்கும் காட்டுவார்கள். இன்னொன்று: மார்ட்டியின் மாமா ஜோயி 1985-ல் ஜெயிலில் இருக்கிறார். 1955-ல் அவர் குழந்தை, கம்பி வைத்த தொட்டிலுக்குள் உட்கார்ந்திருக்கிறார். இந்தக் கம்பிக்கு இப்போதே பழகிக்கொள் என்று மார்ட்டி சொல்லிவிட்டு நகர்கிறான். ஒரு மனிதனின் முழு முன்கதையும் ஒரே ஜோக்கில் அடங்கிவிட்டது.

இரண்டாவது காரணம் கொஞ்சம் கணக்கு சம்பந்தப்பட்டது. எந்த முன்கதைக்கும் ஒரு தீராத வியாதி உண்டு, முடிவு எல்லோருக்கும் தெரியும். நாயகன் சாக மாட்டான், நண்பர்கள் பிரிய மாட்டார்கள். பிறகு எதற்குப் பதைப்பு? செமக்கிஸும் கேலும் இந்த வியாதிக்கு மருந்து கண்டுபிடித்தார்கள். மார்ட்டியின் அப்பாவும் அம்மாவும் கல்யாணம் செய்துகொள்வார்கள் என்பது தெரிந்த முடிவுதான். ஆனால் மார்ட்டி உள்ளே புகுந்து அதைக் கெடுத்துவிடுகிறான். சட்டைப்பையில் இருக்கும் புகைப்படத்தில் அண்ணன் மறைகிறான், அக்கா மறைகிறாள், அடுத்தது அவனே. தெரிந்த முடிவும் கைநழுவிப் போகலாம் என்ற பயம்தான் படத்தை ஓட்டுகிறது.

இப்போது கேட்கிற முன்கதையில் அந்த மருந்துக்கு வழியில்லை. டெலோரியன் கார் முதன்முதலாகக் காலத்தைத் தாண்டுவது 1985 அக்டோபர் 26 அதிகாலை, வணிக வளாகத்தின் கார் நிறுத்துமிடத்தில். முதல் பயணி ஐன்ஸ்டீன் என்ற நாய். மார்ட்டியும் டாக்கும் சந்தித்தது அதற்கு முன்னால். ஆகவே முன்கதையில் யந்திரம் கிடையாது, பயணம் கிடையாது, ஆபத்தும் கிடையாது. யந்திரத்தை உள்ளே கொண்டுவந்தால் முதல் படம் பொய்யாகிவிடும். கொண்டுவராவிட்டால் அது காலப்பயணம் இல்லாத காலப்பயணக் கதை. கோழியே போடாத கோழி பிரியாணி :-)

"அப்படியானால் 2010 டிசம்பரில் தொடங்கி வந்த கணினி விளையாட்டு மட்டும் எப்படி?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அதில் மார்ட்டி 1931-க்குப் போய், பதின்வயது எம்மட் பிரவுனைப் பார்க்கிறான். அது எடுபட்டதற்குக் காரணமே மார்ட்டி அங்கே பயணம் போனதுதான். கையை வைத்தால் எல்லாம் கெடும் என்ற பழைய பயம் அதிலும் உண்டு.

"இந்தியானா ஜோன்ஸ்?" 1989-ல் வந்த மூன்றாம் படத்தின் தொடக்கத்தில் சிறுவன் இண்டிக்குச் சாட்டை, தாடைத் தழும்பு, பாம்புப் பயம், தொப்பி எல்லாம் ஒரே துரத்தலில் கிடைத்துவிடுகிறது. பிரமாதம்தான். ஆனால் அது படத்தின் முகப்பு மட்டுமே, காட்டிவிட்டு உடனே கதைக்குப் போய்விடுகிறார்கள். முழுப்படத்துக்கு இழுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 1994-ல் வந்த 'டம்ப் அண்ட் டம்பர்' படத்தின் இரண்டு முட்டாள்கள் பள்ளியில் எப்படிச் சந்தித்தார்கள் என்று 2003-ல் ஒரு நகைச்சுவை முன்கதை எடுத்தார்கள். ஜிம் கேரியும் இல்லை, ஜெஃப் டேனியல்ஸும் இல்லை. விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள்.

மூன்றாவது காரணம், வணிகவியல் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு எளிதில் புரியும். 'குட்வில்' என்று ஒரு சொத்து உண்டு. கண்ணுக்குத் தெரியாது, கையால் தொட முடியாது. விலை கொடுத்து வாங்கிய குட்வில்லை ஏட்டில் காட்டலாம். ஆனால் ஒரு நிறுவனம் தானாக வளர்த்த குட்வில்லைச் சொத்தாகக் காட்டக் கூடாது என்கிறது இந்தியக் கணக்கியல் தரம் 26. ஏன்? அதற்கு இவ்வளவு செலவு, இவ்வளவு மதிப்பு என்று நம்பகமாக அளக்க வழியில்லை. அதற்காக அது இல்லை என்று அர்த்தமா? கடையே அதை வைத்துத்தான் நடக்கிறது!

மார்ட்டி–டாக் நட்பும் அப்படித்தான். படம் தொடங்கியதும் மார்ட்டி டாக்கின் வீட்டுக்கு வருகிறான். மிதியடிக்கு அடியிலிருந்து சாவியை எடுத்துத் திறக்கிறான், தன் வீடு மாதிரி உள்ளே போகிறான், அங்கே இருக்கும் ராட்சத ஒலிபெருக்கியில் கிட்டாரை மாட்டுகிறான். சாவி எங்கே இருக்கும் என்று தெரிந்தவனிடம் போய் "உனக்கும் அவருக்கும் எப்படிப் பழக்கம்?" என்று கேட்பார்களா? எத்தனை வருடச் சிநேகம் என்பதை ஒரு மிதியடி சொல்லிவிட்டது. அதற்கு வவுச்சர் கேட்பவர்களை என்ன சொல்வது?

ஆனாலும் கேட்டார்கள். ஊர் எச்சரித்தும் பதின்மூன்று பதினான்கு வயதில் மார்ட்டி ஆர்வம் தாங்காமல் டாக்கின் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தான், தன்னை மதிக்க ஒருவன் கிடைத்த சந்தோஷத்தில் டாக் அவனை வேலைக்கு வைத்துக்கொண்டார் என்று பாப் கேலே பதில் சொன்னார். 2015-ல் சித்திரக்கதையாகவும் தந்தார். படிக்கச் சுகமாகத்தான் இருக்கிறது. அதோடு விட்டுவிடலாமே? தானும் கேலும் உயிரோடு இருக்கும்வரை இதை மறுபடி எடுக்க விடமாட்டோம் என்று 2015-ல் செமக்கிஸ் சொன்னதைப் பிடிவாதம் என்றார்கள். அது பிடிவாதம் இல்லை, முதலைக் காப்பாற்றுவது.

கடைசியாக ஒன்று. அந்த முதல் சந்திப்பு படத்திலேயே இருக்கிறது! 1955-ல் மார்ட்டி கதவைத் தட்டுகிறான். தலையில் மனதைப் படிக்கும் கவசத்தோடு டாக் அவனை உள்ளே இழுக்கிறார். ரொம்பத் தூரத்திலிருந்து வந்திருக்கிறாய் என்கிறார், சரியாகச் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் பத்திரிகைச் சந்தா, நன்கொடை என்று எல்லாம் தப்பு. டாக்கின் வாழ்க்கைக் கணக்கில் மார்ட்டியைப் பார்த்த முதல் நாள் அதுதான்.

மார்ட்டி கொடுத்த எச்சரிக்கைக் கடிதத்தைக் கிழித்துப் போட்டவர், பிறகு அந்தத் துண்டுகளை ஒட்டிப் பத்திரமாக வைத்திருந்தார். 1985-ல் தோட்டா துளைக்காத கவசத்தோடு பிழைத்து எழுந்தபோதுதான் அது தெரிகிறது. நடுவில் அந்தப் பையன் பிறக்க வேண்டும், வளர வேண்டும், ஒருநாள் தானாகத் தன் வாசலுக்கு வரவேண்டும் என்று ஒரு மனிதர் வருடக்கணக்கில் காத்திருக்கிறார். வந்தவனுக்கோ இவரைத் தெரியவே தெரியாது. அந்த நாளில் டாக்கின் முகம் எப்படி இருந்திருக்கும்?

படம் பார்த்த ஒவ்வொருவரிடமும் அந்த முகம் ஒன்று இருக்கிறது. அதைக் காட்டுகிறேன் என்று நாலு ஜோக்கோடு எவரும் வரவேண்டாம்.