கட்டாயக் காப்புறுதி: அரசின் அதிகாரத்துக்கு எல்லை எது?

திருகோணமலையில் முச்சக்கர வண்டி செலுத்தும் ஒருவர் காப்புறுதிப் பத்திரமின்றி வீதியில் இறங்க முடியாது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் மூன்றாந்தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியுள்ளது. இதனை எவரும் அநீதி எனக் கூறுவதில்லை. வாகனத்தால் பாதிக்கப்படக்கூடிய பிறரைப் பாதுகாப்பதே அதன் நோக்கமாகும். ஆனால், ஒருவர் தமது சொந்த உயிருக்கும் முதுமைக்கும் பணம் கட்டியேயாக வேண்டும் என அரசு பணிக்கலாமா என்பது வேறு கேள்வி.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கிண்ணியா, மூதூர், குச்சவெளிக் கரையோரக் கடற்றொழிலாளர் பலர் படகையும் வலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்து, நிவாரணத்தையே நம்பியிருக்க நேர்ந்தது. காப்புறுதியைக் கட்டாயமாக்க வேண்டும் என்ற வாதம் இத்தகைய அனுபவங்களிலிருந்தே பிறக்கின்றது. அதில் நியாயமும் உண்டு.

எனினும், நல்ல நோக்கம் மட்டும் போதுமானதன்று. 2011இல் தனியார் துறை ஊழியருக்கான ஓய்வூதியச் சட்டமூலம், தொழிலாளரின் சம்பளத்திலிருந்து கட்டாயக் கழிவை முன்மொழிந்தது. மே 30ஆம் திகதி கட்டுநாயக்கவில் வெடித்த ஆர்ப்பாட்டத்தின் மீது பொலிஸார் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் காயமடைந்த இளம் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். சட்டமூலமும் கைவிடப்பட்டது. மறுபுறம், தாமாகவே பணம் செலுத்திய விவசாயிகளின் ஓய்வூதியமோ நிதியின்றி 2012இல் தடைப்பட்டு, 2014இலேயே மீள வழங்கப்பட்டது. கட்டிய பணம் உரிய வேளையில் திரும்பி வரும் என்ற நம்பிக்கை இல்லாதவிடத்துக் கட்டாயம் என்பது வெறும் பறிப்பாகவே தோன்றும்.

அமெரிக்க உயர் நீதிமன்றம் 2012 ஜூன் 28இல் வழங்கிய தீர்ப்பு இங்கு கவனிக்கத்தக்கது. வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைக் கொண்டு மருத்துவக் காப்புறுதியை வாங்குமாறு குடிமக்களைப் பணிக்க முடியாது. வாங்காதோரிடம் வரி அறவிடலாம் என்பதே அதன் சாரம். எமது அரசியலமைப்பின் 148ஆவது உறுப்புரையும் வரி விதிக்கும் அதிகாரத்தைப் பாராளுமன்றத்திடமே ஒப்படைத்துள்ளது. ஆகவே, படகு அனுமதிப்பத்திரத்துடனோ மானியத்துடனோ தனிநபர் காப்புறுதியைப் பிணைக்க விரும்பும் எந்த அரசும், சுற்றறிக்கையால் அன்றிச் சட்டத்தின் மூலமே அதனைச் செய்தல் வேண்டும்.

முஸ்லிம் மக்களுக்கு இதில் இன்னொரு பரிமாணமும் உண்டு. வட்டியும் நிச்சயமின்மையும் கலந்த வழமையான காப்புறுதியை மார்க்கம் அனுமதிக்கவில்லை எனக் கருதுவோர் பலர். 10ஆவது உறுப்புரை மனச்சாட்சிச் சுதந்திரத்தை எவ்வித விதிவிலக்குமின்றி உறுதி செய்கின்றது. இந்நாட்டில் 1999 முதல் தகாஃபுல் முறை இயங்கி வருவதால், மாற்றுத் தெரிவை வழங்குவது அரசுக்குக் கடினமன்று.

பிறருக்கு நேரும் தீங்கைத் தடுக்க அரசு கட்டாயப்படுத்தலாம். தனிமனிதரின் சொந்த நலனுக்கெனில், சட்டம், தெரிவு, ஏழைகளுக்கான அரச பங்களிப்பு ஆகிய மூன்றும் இருத்தல் அவசியம். அன்றாடம் உழைத்துண்ணும் துறைமுக மாவட்டத்து மக்களிடம் இவையின்றிப் பணம் அறவிடுவது பாதுகாப்பாகாது. மற்றொரு சுமையாகவே அமையும்.