தனியார் அணையும் பாட்டாளி உயிரும்

மலைமேல் கம்பெனியின் அணை. மலையடியில் தொழிலாளர் வீடுகள். அணை நிற்கும் வரையில் லாபம் கம்பெனிக்கு. அணை உடைந்தால் சாவு தொழிலாளிக்கு. தனியார் அணைகளின் சரித்திரத்தில் திரும்பத் திரும்ப நாம் காண்பது இதுதான்.

பிரிட்டனில், வேல்ஸ் பகுதியில், டோல்காரோக் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கே ஓர் அலுமினியம் கம்பெனி ஆலை நடத்தியது. ஆலைக்கு மின்சாரம் வேண்டும். அதற்காக மலைமேல் எய்கியாய் ஏரியில் கான்கிரீட் சுவர் எழுப்பித் தண்ணீரைத் தேக்கினார்கள். 1911-ல் வேலை முடிந்தது. அதற்குக் கீழே கோய்ட்டி என்ற இடத்தில் இன்னொரு அணை. இரண்டுக்கும் கீழே தொழிலாளர் வசித்த ஊர்.

1925 நவம்பர் 2-ம் தேதி இரவு மேலணை உடைந்தது. சுவரின் அஸ்திவாரம் போதிய ஆழத்தில் இல்லை. தண்ணீர் சுவருக்கு அடியில் மண்ணை அரித்துக்கொண்டு பீறிட்டது. அந்த வெள்ளம் கீழணையின் மேல் ஏறிப் பாய்ந்து அதையும் உடைத்தது. பெரும் பாறைகளை உருட்டிக்கொண்டு ஊருக்குள் புகுந்தது. 16 பேர் மாண்டார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. அன்றிரவு ஊரில் சினிமாக் காட்சி. பலர் அங்கே போயிருந்ததால் பிழைத்தார்கள். அவர்களைக் காப்பாற்றியது கம்பெனியின் இன்ஜினீயர் அல்ல. சர்க்காரின் இன்ஸ்பெக்டர் அல்ல. ஒரு சினிமாக் காட்சி!

அதே வருஷம் ஏப்ரலில் ஸ்காட்லாந்தில் ஸ்கெல்மோர்லி என்ற ஊரில் ஒரு நீர்த்தேக்கம் உடைந்து 5 பேர் இறந்திருந்தார்கள். இவ்வளவுக்கும் பிறகுதான் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் அசைந்தது. 1930-ல் சட்டம் வந்தது: 50 லட்சம் காலனுக்கு மேல் தேக்கும் அணையைத் தகுதிபெற்ற இன்ஜினீயர் பரிசோதிக்க வேண்டும் என்றது. ஆனால் 1864-லேயே, உருக்காலை நகரமான ஷெஃபீல்டுக்கு மேலே, ஒரு தண்ணீர்க் கம்பெனியின் அணை உடைந்து 240 பேருக்கு மேல் மாண்டார்களே! அதற்கும் இந்தச் சட்டத்துக்கும் இடையே 66 வருஷங்கள். சொந்தச் சொத்தில் சர்க்கார் கைவைக்கலாமா என்று தயங்கிய வர்க்கம், பாட்டாளியின் பிணத்தைக் கண்டும் 66 வருஷம் தயங்கியது.

சட்டம் வந்தால் மட்டும் போதுமா? போதாது. உடைமையாளன் சட்டப்படி நடக்கிறானா என்று கண்காணிக்கும் பொறுப்பைக் குறிப்பிட்ட அதிகாரிகளிடம் ஒப்படைக்க 1975-ல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது. உடைமையாளன் செய்ய மறுத்த வேலையைத் தாங்களே செய்து செலவை அவனிடம் வசூலிக்கவும் அது அவர்களுக்கு அதிகாரம் தந்தது.

அமெரிக்காவைப் பாருங்கள். மிச்சிகன் மாநிலத்தில் ஈடன்வில் அணை ஒரு தனியார் மின்சாரக் கம்பெனியின் சொத்து. பெருவெள்ளம் வந்தால் அதன் கலிங்கு தாங்காது, அதைப் பெரிதாக்கு என்று மத்திய கமிஷன் பல வருஷம் சொல்லிற்று. கம்பெனி செய்யவில்லை. 2018-ல் லைசென்ஸ் ரத்தாயிற்று. லைசென்ஸ் போயிற்று, தண்ணீர் போகவில்லை! கலிங்கும் பெரிதாகவில்லை. பொறுப்பு மாநில சர்க்காரின் கைக்கு மாறியது. 2020 மே 19-ம் தேதி கரை சரிந்தது. கீழே இருந்த சான்ஃபோர்ட் அணையும் போயிற்று. ஏறத்தாழ 10,000 பேர் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். உயிர்ச்சேதம் இல்லாமல் தப்பியது அதிர்ஷ்டம். அதே வருஷம் கம்பெனி திவால் மனு கொடுத்தது. லாபம் வரும்போது தனிச்சொத்து. நஷ்டம் வரும்போது பொதுச்சுமை. அணை உடைந்ததை ஆராய்ந்த நிபுணர் குழு, இது தடுத்திருக்கக்கூடிய விபத்து என்று 2022-ல் கூறியது.

“சின்ன அணைதானே? இத்தனை கெடுபிடி எதற்கு? செலவு கட்டுமா?” என்று உடைமையாளர்கள் கேட்கிறார்கள். நாம் பதில் சொல்கிறோம். ஆலையில் பாய்லர் முதலாளியின் சொத்துதான். ஆனாலும் பரிசோதனைச் சர்டிபிகேட் இல்லாமல் அதில் நெருப்பு மூட்டக்கூடாது. வெடித்தால் சாகிறவன் முதலாளி அல்ல, தொழிலாளி. அதனால்தான் அந்தச் சட்டம். அணைக்கும் அதே நியாயம்தான். கரையில் ஒரு நண்டுவளை போதும், ஒரு மரத்தின் செத்த வேர் போதும், தண்ணீர் வழி கண்டுகொள்ள. ஏரிக்கரையில் மழைநாளில் காவல் நின்ற விவசாயத் தொழிலாளிக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அணையைப் பத்திரமாக வைத்திருக்கப் பணமில்லை என்றால், மதகைத் திறந்து தண்ணீரை இறக்கட்டும். அல்லது கரையை முறைப்படி அகற்றட்டும். பிறர் உயிரை ஈடுவைத்துச் சொத்தைக் காக்க எவனுக்கும் உரிமை கிடையாது.

நமது நாட்டிலும் 2021-ல் அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகள் அதில் அடங்கும். 10 முதல் 15 மீட்டர் வரையுள்ளவை, நீளம், கொள்ளளவு போன்ற சில நிபந்தனைகளுக்கு உட்பட்டால் அடங்கும். 10 மீட்டருக்குக் குறைந்தவை அடங்கவே அடங்கா. அணையைச் சட்டத்துக்குள் கொண்டுவரச் சுவரின் உயரத்தை அளக்கிறார்கள். சுவருக்குக் கீழே எத்தனை குடிசைகள் என்று எண்ணவில்லை. தண்ணீருக்கு இந்த மீட்டர்க் கணக்குத் தெரியுமா?

ஆகவே நாம் கோருகிறோம்:

தனியார் அணை எதுவாயினும், சிறிதோ பெரிதோ, கீழே மனிதர் வசித்தால் சட்டத்துக்குள் வர வேண்டும். உடைமையாளனின் சம்பளம் வாங்காத இன்ஜினீயர், உடைமையாளன் செலவில், குறித்த கெடுவில் அதைப் பரிசோதிக்க வேண்டும். பழுதுபார்க்கும் பணத்தை முன்கூட்டியே சர்க்காரில் கட்டவைக்க வேண்டும். பரிசோதனை அறிக்கை பீரோவுக்குள் உறங்கக்கூடாது. கீழே உள்ள ஊரின் பஞ்சாயத்திலும் தொழிற்சங்கத்திலும் அது இருக்க வேண்டும். ஆபத்து வந்தால் எங்கே ஓடுவது என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

டோல்காரோக் தொழிலாளருக்கு மேலே நின்ற சுவரைப்பற்றிக் கேட்க உரிமை தரும் சட்டம் இல்லை. நாம் கேட்க வேண்டும். சங்கத்தில் கேட்க வேண்டும். கிராமசபையில் கேட்க வேண்டும். பதில் வரும்வரை கேட்க வேண்டும். பிணம் விழுந்த பிறகு வரும் சட்டம் நமக்கு வேண்டாம். அதற்கு முன்னால் வரவேண்டும். அதை வரவழைக்கும் பலம் ஒன்றுபட்ட உழைக்கும் மக்களிடம் இருக்கிறது.