பதினொருவரும் ஒன்பதின்மரும்

இலண்டன் மாநகர். 1931 ஆகஸ்டு 23, ஞாயிறு மாலை. பிரதமர் மாளிகைத் தோட்டத்திலே அமைச்சர்கள் உலவிக் காத்திருக்கின்றனர். மன்னரின் ஆணைக்காகவா? மக்கள் மன்றத்தின் தீர்ப்புக்காகவா? இல்லை! நியூயார்க் பாங்கி முதலாளிகளின் தந்திக்காக! அவர்கள் கடன் தருவரா? தருவதானால், வேலையற்றோர் உதவிப்பணத்தில் எவ்வளவு வெட்டவேண்டும்? இதுதான் அன்றைய பேச்சு.

காத்திருந்தோர் யார்? பரம்பரைச் சீமான்கள் என்றால் நமக்கு வியப்பில்லை. பிரதமர் ராம்சே மக்டொனால்டு, ஏழைப் பணிப்பெண்ணின் மகன். நிதியமைச்சர் பிலிப் ஸ்னோடன், நெசவாளி வீட்டுப் பிள்ளை. உள்நாட்டமைச்சர் கிளைன்ஸ், பத்து வயதிலேயே பஞ்சாலை புகுந்தவர். வெளிநாட்டமைச்சர் ஆர்தர் ஹெண்டர்சன், இரும்பு வார்ப்படத் தொழிலாளி. தொழிலமைச்சர் மார்கரெட் பாண்ட்ஃபீல்டு, கடைச் சிப்பந்தியாக உழைத்தவர். பிரிட்டிஷ் அமைச்சரவையில் அமர்ந்த முதல் பெண்மணி. குடிசை கோட்டைக்கு வந்துவிட்டது என்று 1929-இல் பாட்டாளி மக்கள் பூரித்தனர். பூரிப்பு தவறல்ல. ஆனால் குடிசையில் பிறந்தவர் கோட்டைக்கு வந்ததும், குடிசையின் கவலையும் கூடவே வந்ததா? அதுதான் நாம் எழுப்பும் கேள்வி.

வேலையில்லாதோர் தொகை 25 இலட்சத்தைத் தாண்டியது. அரசின் செலவை ஆராயக் காப்பீட்டுக் கம்பெனியொன்றின் முன்னாள் செயலாளர் சர் ஜார்ஜ் மே தலைமையில் குழு அமைந்தது. பற்றாக்குறை 12 கோடிப் பவுன் என்றது அது. பரிகாரம்? வேலையற்றோர் உதவிப்பணத்தில் 20 விழுக்காட்டை வெட்டு! அமைச்சரவை பேரம் பேசிப் பத்து விழுக்காட்டில் வந்து நின்றது. நோய்க்குக் காரணம் அவனா? ஆலையை மூடியது அவனா? பாங்கியை ஆட்டங்காணச் செய்தது அவனா? மருந்து கசப்பாம், குடிக்கவேண்டியவன் மட்டும் அவனாம்!

வெட்டை ஏற்றோர் 11. எதிர்த்தோர் 9. எண்ணிக்கையைவிட ஆட்களைப் பாருங்கள். கடைச் சிப்பந்தி பாண்ட்ஃபீல்டு பதினொருவர் பக்கம்! உடற்கூற்றியல் பேராசிரியராக விளங்கிய மருத்துவர் அடிசன், ஹெண்டர்சனோடும் கிளைன்சோடும் ஒன்பதின்மர் பக்கம்! பிறப்பு மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மறுநாள் அமைச்சரவை கவிழ்ந்தது, மக்டொனால்டு கவிழவில்லை! ராஜினாமாவுடன் அரண்மனை சென்றவர், “தேசிய அரசாங்க”த்தின் பிரதமராகத் திரும்பினார். பத்துப் பேர் கொண்ட புதிய அமைச்சரவையில் தொழிற்கட்சியார் நால்வர், கன்சர்வேடிவ்கள் நால்வர், லிபரல்கள் இருவர்.

“கட்சியினும் நாடு பெரிதல்லவா? பவுனைக் காக்க வேறு வழியேது?” என்று அவருக்காக வாதிடுவோர் உண்டு. மக்டொனால்டு கோழையல்லர் என்பதை நாமும் ஒப்புகிறோம். 1914-இல் போரை எதிர்த்துத் தலைமையைத் துறந்து, தூற்றலைத் தாங்கியவர் அவர். ஆனால் பவுன் காக்கப்பட்டதா? நோட்டுக்கு ஈடாகத் தங்கம் தரும் முறையைக் காக்கத்தானே ஏழையின் தட்டில் கைவைத்தனர்? செப்டம்பர் 21-இல் அந்த முறையையே கைவிட்டனர். இருபத்தெட்டே நாள்! வானம் இடிந்து விழுந்ததா? இல்லை. அடுத்த ஆண்டு பாங்கி வட்டி 2 விழுக்காட்டுக்கு இறங்கியது. தெய்வம் என்று சொல்லிப் பலி கேட்டனர். பலி முடியுமுன்னே தெய்வம் ஓடிவிட்டது!

இன்னொன்றும் கேளுங்கள். அதே செப்டம்பரில் இன்வர்கார்டன் துறைமுகத்தில் கடற்படையினர் கப்பலைச் செலுத்த மறுத்தனர். அவர்களில் பலருக்கு நாட்கூலி 4 ஷில்லிங்கிலிருந்து 3 ஆகக் குறைவதாக இருந்தது. அரசு பதறியது, பத்து விழுக்காட்டுக்கு மேல் வெட்டில்லை என்று இறங்கி வந்தது. கடற்படையினரிடம் கப்பல் இருந்தது. வேலையற்றவனிடம் என்ன இருந்தது? அவன் வாரப்பணம் 17 ஷில்லிங், 15 ஷில்லிங் 3 பென்சாகச் சுருங்கியது. 1934 வரை அது மீளவில்லை. போதாதென்று, மகன் சம்பாத்தியம் எவ்வளவு, மகள் சம்பாத்தியம் எவ்வளவு என்று வீடேறி விசாரிக்கும் வருமானச் சோதனையும் வந்தது.

அக்டோபர்த் தேர்தலில் தேசிய அரசாங்கத்துக்கு 554 இடங்கள். தொழிற்கட்சிக்கு 52! வெற்றி மக்டொனால்டுக்கா? 470-க்கு மேற்பட்ட கன்சர்வேடிவ்களின் நடுவே நாற்காலி மட்டும் அவருடையது. 1935-இல் சீஹாம் தொகுதியின் சுரங்கத் தொழிலாளர் தீர்ப்பளித்தனர். மன்னரையும் பாங்கியையும் மகிழ்வித்தவர், அங்கே தோற்றார்.

வகுப்பறையிலே பிரதமர் பட்டியலை ஒப்பிக்கச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர் நாம். பட்டியலோடு இந்தக் கேள்வியையும் சொல்லிக் கொடுப்போம்: எங்கிருந்து வந்தான் என்று கேள், அதோடு நில்லாதே. பதவியில் அமர்ந்ததும் எவன் போட்ட கணக்கை நம்புகிறான் என்றும் கேள்! ஏழையின் மகன் எழுதினாலும், செல்வரின் மகன் எழுதினாலும், பதினைந்து ஷில்லிங் மூன்று பென்ஸ் பதினேழு ஷில்லிங் ஆகாது.