குதிரை தவறவிட்ட நகை

குதிரைக்கு நகை போட்டு அழகு பார்த்த காலம் ஒன்று இருந்தது. நான் சொல்வது இங்கிலாந்தில். 13, 14-ஆம் நூற்றாண்டுகளில் அங்கே குதிரையின் மார்புப் பட்டையிலும் மற்ற வார்களிலும் சின்னச் சின்னப் பதக்கங்களைத் தொங்கவிடுவார்கள். செம்புக் கலவையில் வார்த்து, பொன்முலாம் பூசி, சிவப்பும் நீலமுமாக எனாமல் பதித்தவை. பெரும்பாலும் 3 முதல் 5 சென்டிமீட்டர் உயரம்தான். மேலே ஒரு வளையம். குதிரை நடக்க நடக்க ஆடும். வெயில் பட்டால் மின்னும்.

அழகுக்காக மட்டும் மாட்டியதில்லை. பல பதக்கங்கள் கேடய வடிவில் இருக்கும். அவற்றில் குடும்பச் சின்னம் இருக்கும். மூன்று சிங்கங்கள் என்றால் இங்கிலாந்து அரசர். வெள்ளையும் நீலமுமான பட்டைகள், ஓரத்தில் சிவப்புப் பறவைகள் என்றால் வாலன்ஸ் குடும்பம். அந்தக் குடும்பத்தின் வில்லியம் டி வாலன்ஸ் 1296-ல் இறந்தார். அவருடைய கல்லறை இன்றும் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இருக்கிறது.

நாங்கள் மைக்கைத் திறப்பதற்கு முன் வானொலியின் அடையாள இசை ஒலிக்கிறதல்லவா? கேட்டதும் எந்த நிலையம் என்று நேயர்களுக்குத் தெரிந்துவிடும். பதக்கத்துக்கும் கிட்டத்தட்ட அதே வேலைதான். குதிரை மேல் இருப்பவர் பிரபுவாகவே இருக்க வேண்டியதில்லை. அவருடைய பணியாளாகவும் இருக்கலாம். ஆனால் யாருடைய ஆள் என்பதைப் பதக்கம் சொல்லிவிடும்.

வளையம் தேய்ந்து அறுந்தால் பதக்கம் வழியில் விழுந்துவிடும். ஏறத்தாழ 700 ஆண்டுகள் கழித்து, மெட்டல் டிடெக்டரோடு வயலில் நடக்கும் ஒருவர் கையில் கிடைக்கிறது. சிக்கல் இங்கேதான் ஆரம்பம். 1996-ல் வந்த புதையல் சட்டம் முக்கியமாகத் தங்கம், வெள்ளிப் பொருள்களைக் கருதி எழுதப்பட்டது. தனியாகக் கிடைக்கும் செம்புக் கலவைப் பதக்கம் பொதுவாக அதில் சேராது. அதிகாரிகளிடம் சொல்லாமலே அது விற்கப்பட்டுவிடலாம்.

விற்றால் என்ன நஷ்டம்? சின்னம் யாருடையது என்று பிறகும் கண்டுபிடிக்கலாம். ஆனால் எந்த வயலில் கிடந்தது என்பதைப் பதக்கத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பல பதக்கங்கள் கிடைத்த இடங்களை வரைபடத்தில் குறித்தால்தான், எந்தப் பிரபுவின் ஆட்கள் எந்தப் பக்கம் போய்வந்தார்கள், எந்தப் பாதையில் நடமாட்டம் இருந்தது என்று ஊகிக்க முடியும்.

இதற்காகவே இங்கிலாந்தில் 1997-ல் ‘போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம்’ என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். கண்டெடுத்தவர் அதிகாரியிடம் காட்டினால், படமெடுத்து, அளந்து, கிடைத்த இடத்தோடு பதிவு செய்கிறார்கள். புதையல் அல்லாத பொருளைத் திரும்பக் கொடுத்துவிடுவார்கள். இதுவரை பதிவானவை 10 லட்சத்துக்கும் மேல். பெரும்பாலானவை கட்டாயமில்லாமல், மக்கள் தாங்களாக வந்து சொன்னவை.

நீங்களும் பழம்பொருள் கடைக்குப் போனால், விலையைக் கேட்பதற்கு முன், “இது எங்கே கிடைத்தது?” என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரருக்கே பதில் தெரியவில்லை என்றால், பொருளின் பாதிக் கதை ஏற்கெனவே தொலைந்துவிட்டது.