ஒரே அறையா, ஒரு போன் லைனா?

பாட்காஸ்ட் தொடங்குகிறவர்கள் மைக் வாங்கின சூட்டோடு சண்டை பிடிக்கிற முதல் விஷயம், பேட்டியை நேரில் எடுப்பதா ஆன்லைனில் எடுப்பதா என்பது. நேரில் எடுத்தால்தான் பேட்டி, மற்றதெல்லாம் வெறும் போன் அரட்டை என்கிறது ஒரு கோஷ்டி. பஸ் ஏறிப் போய், வாட்ச்மேனிடம் பெயர் சொல்லி, சத்தம் பதிவாகக் கூடாதென்று ஃபேனை நிறுத்தி, வேர்த்து ஊற்ற எடுக்கிற அதே பேட்டியை வீட்டிலிருந்தே எடுக்கலாமே என்கிறது இன்னொன்று. 2020-ல் கொரோனா வந்து இரண்டாவது கோஷ்டியை ஜெயிக்க வைத்தது. ஊரடங்கு போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

இந்தச் சண்டையில் அடிக்கடி இழுக்கப்படும் பெயர்கள் இரண்டு. இரண்டு பேரும் அமெரிக்கர்கள். மார்க் மேரன், டெர்ரி க்ராஸ்.

மேரன் ஸ்டாண்ட்-அப் காமெடியன். 2009 செப்டம்பரில் 'டபிள்யூடிஎஃப்' என்ற பாட்காஸ்டைத் தொடங்கினார். லாஸ் ஏஞ்சலஸ் ஹைலண்ட் பார்க்கில் அவர் வீட்டு கார் ஷெட்தான் பல வருஷம் ஸ்டுடியோவாக இருந்தது. பேட்டி கொடுத்தவர்களில் பெரும்பாலான பெரிய ஆட்களும் அங்கே வந்துதான் உட்கார்ந்தார்கள். 2015 ஜூனில் அப்போதைய அதிபர் ஒபாமாவே வந்து உட்கார்ந்தார். பக்கத்து வீட்டுக் கூரையில் துப்பாக்கியோடு பாதுகாப்புக்காரர்கள் (கார் ஷெட்டுக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடைக்காது :-)). சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் 9 கறுப்பினத்தவர் சுட்டுக் கொல்லப்பட்டு இரண்டே நாள்தான் ஆகியிருந்தது. மேடையில் எந்த அதிபரும் வாயில் எடுக்கத் தயங்கும் ஒரு இழிசொல்லை அப்படியே சொல்லி, அந்தச் சொல்லைப் பொதுவில் தவிர்த்துவிட்டால் மட்டும் இனவெறி ஒழிந்துபோகாது என்று பேசினார் ஒபாமா. நூறு கேமரா நிற்கிற பத்திரிகையாளர் சந்திப்பில் இது வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். நேரில் எடு கோஷ்டிக்கு இந்த ஒரு பேட்டி போதும்.

எதிர்க் கோஷ்டிக்கு டெர்ரி க்ராஸ். பிலடெல்பியா வானொலி ஒன்றில் 1975 முதல் 'ஃப்ரெஷ் ஏர்' நிகழ்ச்சியை நடத்துகிறவர். அந்த நிகழ்ச்சி இன்று பாட்காஸ்டாகவும் வருகிறது. அவர் எடுத்த பேட்டிகளில் பெரும்பாலானவற்றில் எதிரில் ஆளே கிடையாது. அவர் பிலடெல்பியாவில், பேசுகிறவர் வேறு ஊர் ஸ்டுடியோவில். இது வசதிக் குறைவால் வந்த ஏற்பாடு என்று நினைத்துவிட வேண்டாம், அவருக்கு அதுதான் பிடித்திருக்கிறது. கண்ணுக்கு எதிரே ஆள் இல்லாதபோது சங்கடமான கேள்வியைக் கேட்பது சுலபம். எழுதி வைத்த குறிப்பைத் தலை குனிந்து பார்த்துக்கொண்டே பேசலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கேட்கிற நேயருக்கு முகம் தெரியாது. பேட்டி எடுப்பவருக்கும் தெரியாவிட்டால் இருவரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். நேரில் ஒருவர் உதட்டைப் பிதுக்கினால் பேட்டி எடுப்பவருக்குப் புரிந்துவிடும், நேயருக்கு அங்கே வெறும் ஓட்டை. முகம் தெரியாதவர்தான் "ஏன் பேசாமல் இருக்கிறீர்கள்?" என்று கேட்பார்.

2011 செப்டம்பரில் அவர் மாரிஸ் சென்டாக்கிடம் பேசினார். குழந்தைகளுக்கு 'வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்' படக்கதையை எழுதி வரைந்தவர். வயது 83, உடம்பு தளர்ந்த நேரம். கனெக்டிகட்டில் தன் வீட்டில் இருந்தபடியே போனில் பேசினார். புதுப் புத்தகம் பற்றித் தொடங்கிய பேச்சு செத்துப்போன நண்பர்களிடம் போனது, முதுமைக்குப் போனது, பிரிந்து போகப்போகிற உலகத்தின் அழகுக்குப் போனது. கிழவர் அழுதார். அடுத்த மே மாதம் இறந்துபோனார். "ஸ்டுடியோவுக்கு வந்தால்தான் பேட்டி" என்று ஒருவர் பிடிவாதம் பிடித்திருந்தால் அந்தக் குரல் பதிவாகியிருக்காது. நேரில் கோஷ்டி இதற்குப் பதில் சொல்வதே இல்லை. பிரயாணம் செய்ய முடிகிறவர்களை மட்டும்தான் பேட்டி எடுப்போம் என்றால் கிழவர்கள், நோயாளிகள், கைக்குழந்தைக்காரர்கள் எல்லாம் தானாகவே பட்டியலிலிருந்து விழுந்துவிடுகிறார்கள்.

அப்படியானால் ஆன்லைன் கோஷ்டி ஜெயித்துவிட்டதா? அங்கேதான் ஒரு ஏமாற்று இருக்கிறது. டெர்ரி க்ராஸ் பேர் சொல்லி இவர்கள் செய்வது டெர்ரி க்ராஸ் செய்தது அல்ல. அவருடையது ஸ்டுடியோக்களை இணைக்கிற லைன், இல்லாவிட்டால் சாதாரண போன். குரல் மட்டும். தாமதம் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடையாது. இன்று ஆன்லைன் பேட்டி என்பது பெரும்பாலும் வீடியோ கால். தாமதம் உண்டு, முகமும் உண்டு. அதுவும் தன் முகத்தையே மூலையில் பார்த்துக்கொண்டு பேச வேண்டும்.

தாமதம் சின்ன விஷயம் இல்லை. 2009-ல் வெளியான ஒரு ஆய்வில் 10 மொழிக்காரர்களின் பேச்சைப் பதிவு செய்து பார்த்தார்கள் (தமிழ் அதில் இல்லை). ஆமா-இல்லை கேள்வி முடிந்து பதில் தொடங்க ஆகும் இடைவெளி சராசரியாக 200 மில்லிசெகண்ட் அளவு. கண் இமைக்கிற நேரம். சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் பேச்சு இயல்பாக இருக்க ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருப்பது நல்லது என்கிறது. சுமாரான வைஃபையில் வீடியோ ஓடும்போது இது எங்கே நிற்கும்? ஒருவர் பேச, மற்றவரும் அதே நேரத்தில் பேச, "சாரி, நீங்க சொல்லுங்க", "இல்ல இல்ல, நீங்க சொல்லுங்க" என்று பாதி பேட்டி மரியாதையிலேயே போய்விடும்.

அதைவிட மோசம், மௌனம் செத்துப்போவது. நல்ல பதில் பல நேரம் ஒரு நீண்ட மௌனத்துக்குப் பிறகுதான் வரும். நேரில் என்றால் ஆள் யோசிக்கிறார் என்று தெரியும், காத்திருக்கலாம். வீடியோ காலில் இரண்டு செகண்ட் மௌனம் வந்தாலே "ஹலோ, கேக்குதா?" வந்துவிடும். சொல்ல வந்ததை அவர் விழுங்கிவிடுவார்.

இதற்குத்தான் ரிவர்சைடு, ஸென்காஸ்டர் எல்லாம் இருக்கிறதே என்பார்கள். அவை இரு பக்கக் குரலையும் அவரவர் கம்ப்யூட்டரிலேயே பதிந்து பிறகு சேர்ப்பவை. நல்ல வசதி, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அதனால் சுத்தமாவது நேயர் காதில் விழுகிற ஒலி மட்டும்தான். பேசினவர்கள் பேசினது அதே தாமதத்தோடுதான். நடக்காமல் போன பேச்சை எந்த மென்பொருளும் பதிய முடியாது.

ஆகவே தூரத்திலிருந்து எடுப்பதென்றால் டெர்ரி க்ராஸ் மாதிரி முழுசாகவே எடுக்கட்டும். கேமராவை அணைத்துவிட்டு, வைஃபையை விட்டு வயர் போட்டு, இரு பக்கமும் ஹெட்போன் மாட்டி, மௌனம் வந்தால் ஐந்து வரை எண்ணிவிட்டு. நேரில் எடுப்பதென்றால் பேட்டி கொடுப்பவரின் இடத்துக்கே போகட்டும். தன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மனுஷன் பேசுவது வேறு, தெரியாத இடத்தில் மைக்குக்கு முன்னால் விறைத்துக்கொண்டு பேசுவது வேறு. சென்டாக் அழுததில் போனுக்கு எவ்வளவு பங்கோ, அவர் வீட்டுக்கும் அவ்வளவு பங்கு இருக்கும். இரண்டும் இல்லாமல், அடுத்த தெருவில் இருப்பவரை வெறும் சோம்பேறித்தனத்துக்காக வீடியோ காலில் கூப்பிடுவதுதான் சொதப்பல்.

மேரனும் 2020-ல் வேறு வழியில்லாமல் ஜூமுக்குப் போனார், பிறகு நேர் பேட்டிக்கே திரும்பினார். 2025 அக்டோபரில் 'டபிள்யூடிஎஃப்' முடிவுக்கு வந்தபோது கடைசிப் பேட்டி மறுபடியும் ஒபாமா. இந்த முறை அவர் ஷெட்டுக்கு வரவில்லை. மேரன்தான் வாஷிங்டனில் இருக்கிற ஒபாமாவின் அலுவலகத்துக்குப் போனார்.